தாய் நம்பர்

விடியற்காலை நாலு மணி... கரிக்கலாம்பாக்கத்திலிருந்து செலியமேட்டுக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் கரும்பு. பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான் அரிகரன், நம்ம தெரு மஞ்சுளாவின் தாய்மாமன். கதை கேட்க உட்கார்ந்துவிட்டுச் சிரிக்கிறவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்... தனியாக.

அவனுக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. அன்று ராத்திரி பழைய பதிவுகளைப் புது கம்ப்யூட்டருக்கு ஏற்றினான். அதில் ஒரு காவல் உண்டு, கன்ஸ்ட்ரெயின்ட் என்பார்கள். தாய் நம்பர், அதாவது தாயின் ஆஸ்பத்திரிப் பதிவு நம்பர், இல்லாமல் எந்தக் குழந்தையையும் சேர்க்க விடாது. ஏற்றும்போது சில பிள்ளைகளின் பதிவு தாயின் பதிவுக்கு முந்தி வந்துவிடும் என்பதால், அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது வழக்கம். நிறுத்தினான். அந்தக் கொஞ்ச நேரத்தில்... ஏதோ உள்ளே வந்துவிட்டது.

முடித்துவிட்டுக் காவலைத் திரும்பப் போட்டான். ஏறவில்லை. ஒரு பெண் குழந்தைக்குத் தாயே இல்லை. பழைய கம்ப்யூட்டரில் அப்படி ஒரு குழந்தையே கிடையாது. அழித்தான். வந்தது. அழித்தான்... வந்தது. ஏசி அறையில் சீம்பால் வாடை.

விடிந்தால் கவுன்ட்டர் திறக்க வேண்டும். சலித்துப்போய், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு நம்பரைத் தாய் என்று போட்டான். பெண்டாட்டி கல்பனாவின் நம்பர். குழந்தை இல்லை என்று அவளுக்கு அங்கேதான் வைத்தியம். பாவி, வேறு நம்பரா கிடைக்கவில்லை!

காவல் உடனே ஏறிக்கொண்டது. வாடை அறையை விட்டுப் போனது. ரோட்டில் அவன் கூடவே வந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே... கிரீச்... கிரீச்... உத்தரத்தில் புடவைத் தூளி. ஆட்டிக்கொண்டிருந்தாள் கல்பனா. ஜாக்கெட் நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"மெதுவா வாய்யா. இப்பதான் கண்ணு மூடிச்சி."

"இன்னாடி இது? யாரு குடுத்தா?"

"இன்னா கேக்கற நீ? நம்ம பொண்ணுய்யா."

எட்டிப் பார்த்தான். தூளிக்குள் ஒன்றுமில்லை. ஆனால் கனத்துத் தொங்கியது.

வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கம்ப்யூட்டரில் குழந்தையை அழித்தான், வந்தது. தாய் நம்பரை மாற்றினான், பழையபடி கல்பனா நம்பரே வந்து உட்கார்ந்தது. கடைசியில் அவள் பெயரையே எடுத்துவிடப் பார்த்தான். காவல் விடவில்லை. இந்தத் தாய்க்குக் குழந்தை இருக்கிறது, நீக்க முடியாது என்றது.

"அத்த மறுபடி நிறுத்திட்டு எடுக்க வேண்டியதுதானண்ணா?"

கதைக்கு நடுவில் கேட்டுட்டான் பார், பெரிய புத்திசாலி! நிறுத்தினால் இன்னும் எத்தனை உள்ளே வருமோ... அந்தப் பயத்தில் அவன் கையே எழவில்லை.

கல்பனா நாளுக்கு நாள் இளைக்கிறாள். அரிகரன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான், வேறென்ன செய்வான்? போன வாரம் மஞ்சுளா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தூளி இப்போது தரையைத் தொடுகிறதாம்.