அயர்லாந்துக் காப்பு

தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறிய இரு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். இருவர் மணிக்கட்டிலும் ஒரே மாதிரிச் சிவப்புத் துணி.

“கழட்டிப் போடாதேங்கோ அக்கா. அயர்லாந்தில மலை ஏறப் போன இடத்தில, கிணத்தடி மரம் முழுக்க நேர்த்தித் துணி. அதில இருந்து அவிழ்த்துக் கொண்டுவந்த காப்பு இது.”

மூத்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிணத்தைப் பற்றித்தான் போட்டிருக்கு. நோயாளியள் தங்கட வருத்தத்தைத் துணியில முடிஞ்சு மரத்தில விட்டிட்டுப் போறவையாம். துணி உக்க, வருத்தமும் போயிடுமாம்.”

“அவிழ்த்தால்?”

“அவிழ்த்துக் கட்டுறவைக்கு வந்திடுமாம்.”

மூத்தவர் நகத்தால் முடிச்சைப் பிய்த்தெறிந்தார். இளையவர் தன் துணியைத் தொடவேயில்லை. எழுந்து பெல்லை அமுக்கினார்.

“எங்கயடி இறங்கிறாய்?”

“ஐயோ அக்கா, மூண்டாவதை ஆஸ்பத்திரியில அண்ணைக்குக் கட்டிவிட்டிட்டெல்லோ வாறம்!”