அம்பு காட்டிய இடம்

உங்கள் இடது ஷூவில், கட்டைவிரலுக்கு மேலே, ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரணைக்கு என்று உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது அதுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் என் பாதி ஆயுள் போனது. விளக்குக்கு அடியில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். சுருக்கம், கீறல், பசைக்கறை, எது இருந்தாலும் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பின் முனை குறையைக் காட்டும். அந்த ஷூ ரிப்பேருக்குத் திரும்பிப் போகும். மெஷின் இரைச்சலில் யாரும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இயல்பிலேயே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

மாதனூர் பக்கம் எங்கள் இல்லத்துக்கு நான் வார்டனாக வந்தபோது அதன் நிலைமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள், வீட்டில் வைத்துக்கொள்ள ஆளில்லாதவர்கள். காலையில் இட்லித் தட்டின் முன்னால் ஒருத்தி அழ ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் கூடமே அழும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பிஸ்கட் பொட்டலத்தை வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள்.

நான் அதை மாற்றினேன். மஞ்சள் திரை தைத்துப் போட்டோம். காலையில் கம்பெனி பஸ் போகும் நேரத்துக்கு எல்லாரும் வேலியோரம் நின்று கையாட்டுவது என்று வைத்தேன். முதலில் பஸ்ஸில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அப்புறம் அவர்களும் கையாட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடிப்பார். அதற்காகவே எங்கள் பெண்கள் சீக்கிரம் குளித்து, பவுடர் போட்டு, தலைவாரி நிற்பார்கள்.

பிறகு அந்தக் கைதட்டல். யாராவது "வலிக்குது" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் சுற்றி நின்று தட்ட வேண்டும். நான் "போச்சா?" என்று கேட்பேன். அவள் "போச்சு" என்று சொல்லும்வரை தட்டுவார்கள். சொன்னதும் ஒரே சிரிப்பு. முரட்டு வைத்தியம் என்று நினைக்கலாம். ஆனால் காரணம் இருந்தது. முத்துமாரி என்று ஒருத்தி, நெஞ்சுக்குள் பாம்பு ஓடுகிறது என்று ஊரைக் கூட்டினாள். வேலூர் வரைக்கும் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். பாம்பு இல்லை. வரும் வழியில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பாம்பும் போச்சு. அன்றைக்கு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். இவர்களுக்கு வேண்டியது டாக்டர் இல்லை, கொஞ்சம் சந்தோஷம்.

கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர் கொண்டுவந்திருந்தேன். ஒழுகும் குழாய், கிழிந்த மெத்தை, ஆடும் நாற்காலி, எல்லாவற்றிலும் ஒட்டிவைப்பேன். ஆள் வந்து சரிசெய்ததும் உரித்துவிடுவேன். வாசலில் ஒரு கரும்பலகை. "இன்றைய குறைகள்" என்று எழுதி, பக்கத்தில் எண். கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் அப்படி ஒன்று உண்டு. எங்கள் பலகையில் பெரும்பாலும் பூஜ்யம்தான்.

இன்பத்தைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன்.

இன்பம் எங்கள் கம்பெனியிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள். காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபின் வேலை போயிற்று, புருஷன் போனான். எங்களிடம் வந்தபின் மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. அமைதியான பெண். நானும் அவளும் மத்தியான நேரங்களில் ஒரு வார்த்தை பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்போம். அவளைப் போல எனக்குத் துணை யாரும் இருந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, வலிக்குதுக்கா" என்றாள். தட்டினோம். நன்றாகத் தட்டினோம். "போச்சா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "போச்சு" என்றாள்.

மறுநாள் அவள் எதுவும் சொல்லவில்லை. நைட்டியின் மேல், வயிற்றின் வலது பக்கம் கீழே, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தாள்.

முதலில் பார்த்தது முத்துமாரி. "அக்கா, இன்பம் டேமேஜ் பீஸாம்!" என்று கத்தினாள். என் மேஜையிலிருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்து, சமையல் செய்யும் சவுரியம்மாளின் நெற்றியில் ஒன்று ஒட்டினாள். "கொறை இங்க கீது. சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

"அடிப் போடி, உன் வாயில ஒட்டறேன் இரு" என்று கரண்டியோடு சவுரியம்மாள் துரத்தினாள்.

அன்றைக்கு எல்லாருக்கும் அம்பு. மூக்கில், முழங்காலில், பூனையின் வாலில். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு கண்டதில்லை. நான் ஒவ்வொருவரிடமும் போய் "போச்சா?" என்று கேட்டுக்கேட்டு உரித்தேன். இன்பத்தினுடையதையும் உரித்தேன். சாயங்காலம் அதே இடத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தாள். அதையும் உரித்தேன்.

புதன்கிழமை அவள் கஞ்சியைத் தொடவில்லை. கையாட்டவும் வரவில்லை. சவுரியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது வெளயாட்டு இல்லக்கா. ஒடம்பு அனலா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்டலாம்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும்" என்றேன்.

"வெள்ளிக்கெழம இன்னா?"

அவளுக்குத் தெரியும். இல்லங்களைப் பார்த்துத் தரச்சான்று கொடுக்கும் குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மஞ்சள் திரையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தோம். வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் கூடம் மறுபடி அழத் தொடங்கும். அழுகை ஒட்டிக்கொள்ளும், சார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சவுரியம்மாள் விடவில்லை. சரி என்று போனைக் காதில் வைத்துப் பேசினேன். "சொல்லிட்டேன், வருது" என்றேன். அவள் இன்பத்தின் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டருகில் போய் நின்றாள். பொழுது சாயும்வரை நின்றாள். போனில் நான் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு, வண்டி வேறு கேஸுக்குப் போய்விட்டதாம், காலையில் வருமாம் என்று சொல்லி அவளை உள்ளே அழைத்துவந்தேன். பாவம், கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்டது, அவள் வலி நிஜம் என்று எனக்குத் தெரியுமா என்றுதானே. தெரியும். அன்று சாயங்காலம் இன்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்பு ஒட்டியிருந்தது. முனை அதே இடத்தைக் காட்டியது. அங்கே விரல் வைத்து அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அழுத்தியபோதைவிடக் கையை எடுத்தபோதுதான் அவளுக்கு உயிரே போகிற மாதிரி வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் தட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனியில் இருந்த காலம் முழுக்க, அம்பு காட்டிய இடத்தில் குறை இல்லாத ஒரு ஷூவை நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் வழக்கம்போல வெகுநேரம் பேசாமல் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இன்பத்தை எழுப்ப முத்துமாரி போனாள். தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து கூடத்தில் நின்றாள்.

"அக்கா, போச்சு" என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்கு அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

டாக்டர் வருவதற்கு முன்னால் அம்பை நான்தான் உரித்தேன். நகத்தால் மெதுவாக, பிசின் தடம்கூடத் தெரியாமல். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. முடியை வாரி, பவுடர் போட்டுவிட்டேன். பார்க்க நன்றாக இருந்தாள்.

குழு வெள்ளிக்கிழமை வந்தது. பெண்கள் பிசிறில்லாமல் பாடினார்கள். குழுவில் ஓர் அம்மாள் பலகையைப் பார்த்து, நேற்று ஒரு சாவு நடந்திருக்கிறதே, பூஜ்யம் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டார். உங்களுக்குப் புகார் அனுப்பியதும் அவராகத்தான் இருக்கும். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். குறை என்றால் யாராவது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். இன்பம் கடைசியாக என்னிடம் சொன்ன வார்த்தை "போச்சு" என்பதுதான். பொய்யாக எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை, சார்.