அரசு ஊழியர் தள்ளுபடி

...அந்த நோட்டீசுல இருக்கற வெலைய அப்பிடித் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க கண்ணு, அழிஞ்சு போயிரும். நெசமாத்தானுங்க. நீங்க ஷோரூமுக்குள்ள காலு வெக்கற வரைக்குந்தான் அந்த வெல உசுரோட இருக்கும்.

உக்கடத்துல பஸ் ஏறுனதுலருந்து பொள்ளாச்சி வரைக்கும் நா வாயத் தொறக்கல, பாத்தீங்கல்ல? ஆனா பக்கத்து சீட்டுல ஒருத்தரு காரு நோட்டீச மடில விரிச்சு வெச்சுட்டு மனக்கணக்குப் போட்டா, எவ்வளவு நேரந்தானுங்க சும்மா வாரது? அந்தக் கெணத்துல நா இப்பத்தான் உளுந்து எந்திரிச்சிருக்கறேன். இன்னும் ஈரங்கூடக் காயல.

எக்ஸ் ஷோரூம் வெலைன்னு போட்டிருக்குதுங்களா? ஷோரூம உட்டு வெளிய ஓட்டிட்டு வார வெலைன்னு நானு நெனச்சேன். அது இல்லீங்களாமா! ஜிஎஸ்டி அதுக்குள்ளயே இருக்குது. ஆனா ரோட்டுக்கு வந்தா ரோட்டு வரி. அப்பறம் இன்சூரன்சு, ரிஜிஸ்ட்ரேசன். அப்பறம் ‘அத்தியாவசியக் கிட்டு’ன்னு ஒண்ணு. என்னதுன்னு பாத்தா காலு மிதியடி, தொடைக்கற துணி, ஒரு புள்ளையாரு பொம்மை. “ஏன் அம்மணி, புள்ளையாரு இல்லாட்டி வண்டி ஓடாதா?”ன்னேன். “ஓடும் அங்கிள், ஆனா எல்லாரும் வாங்குவாங்க”ன்னுது அந்தப் புள்ள. பிரத்யுஷான்னு பேரு. தங்கமான புள்ளைங்க. நம்ம தலைல கட்டறப்பக்கூட மொகத்தப் பாத்துச் சிரிச்சுட்டேதான் கட்டும்.

இந்த ஜிஎஸ்டி வரியக் கொறச்சாங்கல்ல? அதக் கேட்டுத்தான் நானும் சந்தோசமாப் போனேன். போன மாசம் சொன்ன தள்ளுபடி எங்க அம்மணின்னா, “அதான் வரி கொறஞ்சிருச்சே அங்கிள்!” அரசாங்கம் ஒரு கையில குடுத்துது, கடைக்காரன் இன்னொரு கையில வாங்கிட்டான். நடுவுல நின்னு கைதட்டுனதுதான் நம்ம பங்கு.

சரி, இன்சூரன்ச வெளிய போட்டுக்கறேன்னேன். அந்தப் புள்ளைக்கு மொகமே செத்துப் போச்சுங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது, அதுல அவியளுக்குக் கமிசன். அது பத்தாதுன்னு மாசக் கடைசிக்குள்ள இத்தன வண்டி வித்துப்போட்டா கம்பெனி டீலருக்குத் தனியா ஊக்கத்தொகை குடுக்குதாமா. அதுல எனக்குச் சித்த தள்ளுன்னேன். “அது எங்க டார்கெட் அங்கிள்.” உன்ற டார்கெட்டே நாந்தான அம்மணி!

அப்பத்தானுங்க அந்தப் புள்ள மெல்லமாக் கேட்டுது: “உங்க ஃபேமிலில யாராச்சும் கவர்மெண்ட் வேலைல இருக்காங்களா அங்கிள்? அவங்க பேர்ல எடுத்தா அரசு ஊழியர் தள்ளுபடி தனியா உண்டு.”

நா கோயமுத்தூரு கணபதில மோட்டார் காயில் கட்டறவன். எங்கூட்டம்மாவுக்கு முட்டி போச்சுங்க. வாரா வாரம் ஆஸ்பத்திரி. ஆட்டோவுல ஏறி எறங்க முடியல, அதுக்குத்தான் இந்தக் காரே. எங்க சனத்துல கவர்மெண்டுன்னா ஒரே ஆளு, எந்தங்கச்சி அன்புக்கரசியோட ஊட்டுக்காரரு, தமிழ்ச்செல்வன். உடுமலைல பள்ளிக்கூட வாத்தியாரு. “எனக்கெதுக்கு மச்சான் இந்த வம்பு?”ன்னாருங்க மனுசன். அட, பேருதான மாப்பிள்ளை, காரு எங்கூட்டு வாசல்லதான நிக்கப் போவுதுன்னு நாந்தான் கையப் புடிச்சுக் கையெழுத்து வாங்குனேன். தள்ளுபடி வந்துது. ரோட்டு வரி மட்டும் முழு வெலைக்குத்தான் போட்டாங்க. தள்ளுபடிங்கறது வரிக்குத் தெரியாதாமா, அது நமக்கும் கடைக்காரனுக்கும் இருக்கற ரகசியமாமா.

வண்டி எடுக்கற அன்னிக்கு, கதவு ஒசரத்துக்கு ஒரு அட்டைச் சாவி வெச்சிருந்தாங்க. அத வண்டி யாரு பேர்ல இருக்குதோ அவியதான் புடிக்கோணுமாமா. மாப்பிள்ளை ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். ‘வாழ்த்துகள் திரு. தமிழ்ச்செல்வன்’ன்னு போட்டோ. பணங்கட்டுன நா எங்கன்னு கேக்கறீங்களா? இருக்கறேனுங்க. சாவிக்குப் பின்னால ஒரு காது தெரியும் பாருங்க, அது என்றதுதான். தங்கச்சி அந்தப் போட்டோவத் தூக்கி வாட்சப்புல போட்டுட்டா. ஒறம்பறை சனம் பூராப் பாத்துருச்சு.

அடுத்த வாரமே அவ புது ஊட்டுக்குக் குடிபோற விசேசம். பொறந்த ஊட்டுச் சீரு நாந்தான செய்யோணும்? பித்தளைக் கொடம், பட்டுச் சீலை, அரிசி மூட்டை எல்லாத்தையும் புதுக்காருலயே வெச்சுக் கொண்டுட்டுப் போனேன். காருக்குப் போட்ட மாலையக்கூடக் கழட்டல. பந்தலுக்கு முன்னால நிறுத்துனா, மைக்குக்காரன் சீர்வரிசையப் படிக்கறான்: பித்தளைக் கொடம் ஒண்ணு... பட்டுச் சீலை ஒண்ணு... அரிசி ஒரு மூட்டை... காரு ஒண்ணு!

படபடன்னு கைதட்டறாங்க. “இல்லீங்க, அது வந்துங்க”ன்னு நா வாயெடுக்கறதுக்குள்ள, தங்கச்சி ஓடியாந்து கால்ல உளுந்துட்டா. “அண்ணா, இதுக்குத்தான் அவர்கிட்டக் கையெழுத்து வாங்குனியா?”ன்னு அப்பிடி ஒரு அழுவ. மாப்பிள்ளையோட அம்மா இருக்குதே, கண்ணாலமான நாள்லருந்து எங்கூட்டுச் சீரு பத்தல பத்தலைன்னு குத்திக் காட்டுன மகராசி, அது எந்திரிச்சு நின்னு என்னையக் கும்புடுதுங்க! மைக்குக்காரப் பய அந்நேரம் பாத்து மைக்க எங்கிட்ட நீட்டிப்போட்டான்.

நா என்ன சொன்னேன்னா கேக்கறீங்க... அதெல்லாம் இப்ப எதுக்குங்க... சொல்லோணுமா? “எங்கூட்டுப் பொண்ணுக்கு இதுகூடச் செய்யாட்டி நா என்ன அண்ணன்”னு சொல்லிப்போட்டேனுங்க. மறுக்காவும் கைதட்டுனாங்க. நல்லாத்தானுங்க இருந்துது. ஒரு காரு வெலைக்குக் கைதட்டுன்னா சும்மாவா?

திரும்ப ஊட்டுக்கு இதே மாதிரி பஸ்ஸுதான். எங்கூட்டம்மா முட்டிக்குத் தைலந் தேச்சுட்டு ஒக்காந்திருந்தா. சத்தம் போடல, சண்டை போடல. “தள்ளுபடி மொத்தம் எவ்வளவுங்க கெடச்சுது?”ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டா. அதோட சரி, பேச்சு நின்னு போச்சு. இன்னைக்குக் காலைலதான் வாயத் தொறந்தா: “போயி உண்மையச் சொல்லுங்க. காரோட வந்தாக் கதவு தொறக்கும்.” அதானுங்க இந்தப் பயணம். பட்டுனு சொல்லிப்போடறது. அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னங்க வெக்கம்? பேரு மாத்திக் குடு கண்ணு, இது சீரில்ல, தள்ளுபடின்னு...

உடுமலை வந்துருச்சுங்களா அதுக்குள்ள? அதா, அதா நிக்குது பாருங்க எங்காரு, பேக்கரிக்கு முன்னால! தங்கச்சி கை காட்டறா. வாரேன்னு போன் பண்ணுனதுக்கு என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறா. அதென்னங்க, பின்னாடிக் கண்ணாடில புதுசா என்னமோ எழுதியிருக்குது? நா மூக்குக்கண்ணாடி கொண்டாரல, சித்தப் படிச்சுச் சொல்லுங்க கண்ணு.

‘அண்ணன் சீர்’ங்களா?

அதுக்குக் கீழ எம்பேரா? நல்லாப் பாருங்க... ஐயாசாமின்னேவா போட்டிருக்குது? பெரிய எழுத்துலயா?

...

ஏனுங்க கண்ணு, இங்கிருந்து கோயமுத்தூருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?