வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கும் கார்கள்

விழாவின் தலைமையை விரும்பி ஏற்ற பெரியவர் அவர்களே! புறப்படக் காத்து வீற்றிருக்கும் சைக்கிள் வீரர்களே! பிள்ளைகளை வழியனுப்ப வந்த தாய்மார்களே! எரிபொருளைக் காக்க எழுந்து வந்த ஊரே! வணக்கம்.

சிரிக்க வைப்பவன் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். சைக்கிள் ஓட்ட எதில் வந்தீர்கள்? காரில் வந்தீர்கள்! காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்! சிரியுங்கள், சிரியுங்கள். அந்தக் கார்களை எங்கே விட்டீர்கள்? அங்கேதான் என் சிரிப்பு செத்தது.

சைக்கிளுக்கென்று சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்களே, அந்தக் கோட்டுக்குள்ளே விட்டீர்கள். போன ஆண்டும் அங்கேதான் விட்டீர்கள். என் தங்கை கணவர் ரொட்டி ஆலையில் மாவு பிசைந்தவர். அன்று இரவு வேலை முடிந்து காலையில் சைக்கிளில் வந்தார். தன் வழி முழுக்கக் கார்கள். என்ன செய்வார் மாப்பிள்ளை? நடுச்சாலைக்கு ஒதுங்கினார். பின்னால் ஒரு வேன். யாருடைய வேன்? உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த வேன்!

அதோடு விட்டீர்களா? பேரணிப் பாதையில் விழுந்து இறந்தவர் பேரணி வீரர்தான் என்று முடிவு கட்டி, வீட்டுக்கே பதக்கம் கொண்டுவந்தீர்கள். என் தங்கை அதைக் கையில் வாங்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்: "அவரு பேரணிக்குப் போகலண்ணே. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டிருந்தாரு."

எரிபொருளைக் காப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வாழ்நாளெல்லாம் சொட்டுப் பெட்ரோல் எரிக்காத மனிதர் அவர்! இன்று அவர் பெயரில் பேரணி, அவர் படத்துக்கு மாலை. அவர் போன வழியிலோ மறுபடியும் கார்! பட்டும் திருந்தாத நம்மை எதில் சேர்ப்பது?

என்ன தம்பி, வேறு எங்கே நிறுத்துவது என்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதே ஆலையில் அப்பா வேலையைத்தான் அவர் மகள் பார்க்கிறாள். அதே சைக்கிள், அதே சாலை. இரவு வேலை முடிந்து இப்போது புறப்பட்டிருப்பாள். அவள் எங்கே ஓட்டுவது? அதையும் நீங்களே சொல்லுங்கள்.

எழுந்திருங்கள். வண்டிகளை எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கை தட்டுகிறீர்கள். நன்றாகத்தான் தட்டுகிறீர்கள். ஒருவர்கூட எழவில்லையே! தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேரணி தொடங்க நேரமாகிறதாம். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று அய்யா.

பேரணியைத் தொடங்கிவைக்க இந்தப் பச்சைக் கொடியைத் தந்தீர்கள். இதை எடுத்துக்கொண்டு நான் இறங்குகிறேன். அந்தக் கார்களுக்குப் பக்கத்தில், நடுச்சாலையில், என் தங்கை மகள் கடந்து போகும்வரை நிற்கப்போகிறேன். பச்சைக் கொடியைப் பார்த்து எந்த வண்டியும் நிற்காது, எனக்குத் தெரியும். வேறு கொடி நீங்கள் தரவில்லை.

கேட்டிருந்த செவிகளுக்கு நன்றி. எழாத கால்களுக்கும் என் வணக்கம்.