மாஸ்டர் இன்னிக்கி இருந்தா

மத்லேன்: இது வேணாம், அடிச்சிடு. "பெருமிதம் கொள்கிறேன்"னு அவரு வாயில ஒரு நாளும் வந்ததில்ல.

பெரியநாயகி: அடிச்சிட்டேன் மதாம். அப்புறம்?

மத்லேன்: "என் அன்பான காரைக்கால் மக்களே..."

பெரியநாயகி: மேடையில மக்களேன்னு சொல்ல மாட்டாரே. "என்னா காரைக்கால், சாப்பிட்டாச்சா?"ன்னுதான் ஆரம்பிப்பாரு.

மத்லேன்: ...மேடையில.

பெரியநாயகி: மேடைக்குத்தானே எழுதுறோம்?

மத்லேன்: சரி, எழுது. கட்டிக்கிட்டவளை ஒரு நாள் கேட்டதில்ல. ஊரையே கேட்டிருக்காரு.

பெரியநாயகி: நெசமாவே பேசுமா மதாம்? மாஸ்டர் கொரல்லயே?

மத்லேன்: நேத்து ழெரோம் போட்டுக் காட்டுனான். பழைய வீடியோவுலேருந்து அப்பா குரலை எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கான். நாம எதை எழுதிக் குடுத்தாலும் சொல்லுமாம். பெரிய திரையில மொகம் வருது, வாய் அசையுது... செத்து மூணு வருசம் ஆன மனுசன் "வணக்கம்"ங்கிறாரு.

பெரியநாயகி: உங்க பேரைச் சொல்லிச்சா?

மத்லேன்: மிஷினுடி அது. எழுதிக் குடுத்தாத்தான் சொல்லும்.

பெரியநாயகி: எழுதிக் குடுக்கலியா?

மத்லேன்: ...காப்பி ஆறுது, குடி.

பெரியநாயகி: நான் வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன் மதாம். வந்தவளைப் பிடிச்சு...

மத்லேன்: இதை முடிச்சிட்டுக் கேளேன். சாயங்காலம் நிகழ்ச்சி. நாலு மணிக்குள்ள எழுத்து வேணும்னு பையன் தலைகீழா நிக்கிறான். "முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால தான் ஆரம்பிச்ச ஆர்க்கெஸ்ட்ராவை இன்னிக்கி வந்து பாத்தா அப்பா என்ன சொல்லுவாரு, ரெண்டு நிமிசத்துக்கு எழுதும்மா"ங்கிறான். எனக்கு என்னாத்தத் தெரியும்? ஒரு கச்சேரிக்காவது கூட்டிட்டுப் போயிருப்பாரா?

பெரியநாயகி: என்ன சொல்லுவாரு... "வாசிக்கிறவன்லாம் எங்கடா?"ம்பாரு.

மத்லேன்: ஏன் அப்படிச் சொல்லணும்?

பெரியநாயகி: பதினோரு பேரு இருப்போம் மேடையில. இப்ப ஒரு பையன் லேப்டாப்பைத் தட்டுறான், எட்டுப் பொண்ணுங்க ஆடுது, பொகை வருது. மாஸ்டர் பேருல ழோர்ழ் மெலடீஸ்னு இருந்தது ழோர்ழ் ஈவென்ட்ஸ்னு ஆயிடிச்சி. கல்யாணத்துக்குப் பந்தல் கூடப் போடுறாங்களாமே?

மத்லேன்: பந்தல் போட்டா என்ன? வாடகை ஸ்பீக்கரை டயர் வண்டியில ஏத்தி விழிதியூர் திருவிழாவுக்குத் தள்ளிக்கிட்டே போனவரு அவரு. இன்னிக்கி மூணு லாரி நிக்கிது வாசல்ல. பாத்தா பூரிச்சுப் போவாரு.

பெரியநாயகி: மாட்டாரு மதாம்.

மத்லேன்: அவரைக் கேட்டுட்டு வந்தியா?

பெரியநாயகி: முப்பது வருசம் வேன்ல கூடவே போனவ நான்.

மத்லேன்: தெரியும். முன் சீட்டுல.

பெரியநாயகி: ...பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்.

மத்லேன்: நான் ஒண்ணும் கேக்கலியே.

பெரியநாயகி: கேக்கலதான்.

மத்லேன்: எங்க அண்ணன் பாரிஸ்லேருந்து தட்டுனா தபேலா சத்தம் வர்ற ரிதம் பேடு ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? அது வந்த மறுநாளே செல்லக்கண்ணுகிட்ட, "நீ இனிமே வர வேணாம்"னு சொல்லிட்டாரு. பாவம், தபேலாவைத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே போனான்.

பெரியநாயகி: நாங்க எல்லாருமே அழுதோம்.

மத்லேன்: நீங்க அழுதீங்க. இவரு என்னா பண்ணாரு தெரியுமா? கூடத்துல உக்காந்து விடிய விடிய அந்தப் பேடைத் தட்டிக்கிட்டே இருந்தாரு, சின்னப்புள்ள மாதிரி. அவரா லேப்டாப்பைப் பாத்துக் கோச்சுக்குவாரு?

பெரியநாயகி: ...அது என்னமோ வாஸ்தவம்தான். மன்னார்குடி கச்சேரி முடிஞ்சு வர்றப்ப ஒரு தடவை சொன்னாரு, "ஒரு நாள் மிஷினே பாடும் நாயகி. அப்ப ஒன்னையும் அனுப்பிடுவேன்"னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

மத்லேன்: சிரிச்சுக்கிட்டே சொன்னாருன்னா நெசமாத்தான் சொல்லியிருப்பாரு.

பெரியநாயகி: அப்ப என்னதான் எழுதுறது? வருத்தமும் இல்லங்கிறீங்க. பூரிப்புன்னு எழுதவும் கை வரமாட்டேங்குது.

மத்லேன்: இரு... எனக்கு இப்பத் தெரியுது. அவரு பொறாமைப்படுவாரு.

பெரியநாயகி: பெத்த புள்ளை மேலயா?

மத்லேன்: யாரா இருந்தா என்ன? நான் கோயில் பாடற்குழுவுல பாடுனவ, தெரியும்ல? கல்யாணமாயி வந்த மொத கிறிஸ்துமஸ் பூசையில தனியா ஒரு பாட்டு பாடுனேன். சாமியார் எல்லார் முன்னாலயும் பாராட்டுனாரு. இவரு ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மூணாம் நாளு, "வீட்டு வேலைக்கே நேரம் பத்தல, இனிமே கோயில்ல பாட வேணாம்"னாரு. நானும் விட்டுட்டேன்.

பெரியநாயகி: இதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லியே...

மத்லேன்: நீ மேடையில பட்டுப்பொடவை கட்டி மைக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தே. ஒங்கிட்ட போயா சொல்லுவேன்? எழுது. "என்னா காரைக்கால், சாப்பிட்டாச்சா? எல்லாத்தையும் பாத்தேன். எம்மவன் என்னைவிட நல்லாப் பண்றான். எனக்கு வயிறு எரியுது."

பெரியநாயகி: ஐயோ, இப்படியேவா எழுதுறது?

மத்லேன்: இப்படியே எழுது. "இருந்தாலும் அந்த பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் கொறைடா"ன்னு ஒண்ணு சேத்துக்க.

பெரியநாயகி: அது மாஸ்டரேதான்!

ழெரோம்: அம்மா, முடிஞ்சுதா? பீச் ரோட்டுல ஸ்கிரீன் மாட்டியாச்சு, எனக்குப் போன் மேல போன்... நாயகி அத்தை, எப்ப வந்தீங்க?

பெரியநாயகி: இப்பத்தான் தம்பி. ஒங்கிட்டக்கூட ஒண்ணு கேக்கணும்னு...

மத்லேன்: இந்தாடா, பேப்பர். எடுத்துக்கிட்டுக் கெளம்பு, நேரமாவுது.

ழெரோம்: இருங்கம்மா, படிச்சுப் பாக்குறேன்... "எனக்கு வயிறு எரியுது..."

மத்லேன்: நல்லா இல்லியா?

ழெரோம்: இல்லம்மா... அப்பா ஒரு தரம் கூட எங்கிட்ட நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல. இப்படி வேணா சொல்லியிருப்பாரு. நான் வர்றேன். ஆறு மணிக்கு வண்டி அனுப்புறேன். அத்தை... நீங்களும் வாங்க. வந்து உக்காருங்க.

பெரியநாயகி: ...உக்காரணுமாம். கேட்டீங்களா மதாம்?

மத்லேன்: முன் வரிசையிலதான் போடச் சொல்லுவான்.

பெரியநாயகி: முப்பத்தஞ்சாவது வருசம்னு தருமபுரத்துலேருந்து பீச் ரோடு வரைக்கும் பேனர் கட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணா நின்னு படிச்சுட்டுத்தான் வர்றேன். மெட்ராஸ்லேருந்து பாட வர்ற பொண்ணு பேரு இருக்கு, டான்ஸ் மாஸ்டர் பேரு இருக்கு. ஜெனரேட்டர் ஜெயபிரகாஷ் பேரு கூட இருக்கு. எம்பேரு இல்ல.

மத்லேன்: எடம் பத்தாம இருந்திருக்கும்.

பெரியநாயகி: பதினேழு வயசுல வந்தவ மதாம். ஒரே ஒரு பாட்டு குடுக்கச் சொல்லுங்க தம்பிகிட்ட. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

மத்லேன்: ஒரு பாட்டா? எத்தினி பாட்டுடி பாடிட்டே? முப்பது வருசம் பாடியும் ஆசை அடங்கலியா? அவரு தேடித் தேடி எடுத்த பாட்டெல்லாம் ஒனக்குத்தானே குடுத்தாரு? உள்ளூர்க் கச்சேரின்னா நான் ஜன்னல் பக்கத்துல நிப்பேன், காத்து அடிச்சா கொஞ்சம் கேக்கும், அடிக்காட்டி அதுவும் இல்ல. வீட்டுக்கு வந்தா பேச்சு மூச்சு இருக்காது, படுத்துக்குவாரு. எல்லாத்தையும் அங்கயே கொட்டிட்டு வந்துருவாரு.

பெரியநாயகி: எனக்கா குடுத்தாரு?

மத்லேன்: பின்னே?

பெரியநாயகி: புதுப்பாட்டு வந்தா வீட்டுல உங்களைப் பாடச் சொல்லுவாரா இல்லியா?

மத்லேன்: அது கீபோர்டுல கூட வாசிச்சுப் பாக்கிறதுக்கு. "ஒரு தரம் பாடு, சுருதி பாக்கணும்"பாரு. அடுப்படியிலேருந்தே பாடுவேன். டேப்புல பதிஞ்சுக்குவாரு.

பெரியநாயகி: அந்தக் கேசட்டுதான் மதாம் எனக்குப் பாடம்.

மத்லேன்: என்னாது?

பெரியநாயகி: மொத நாள்லேருந்து அப்படித்தான். கேசட்டைப் போடுவாரு. குக்கர் விசில் கேக்கும், தம்பி அழுவுறது கேக்கும், நடுவுல உங்க கொரலு. "மத்லேன் இந்த எடத்துல மூச்சு விடமாட்டா. நீ ஏன் விடுறே?" திரும்பப் பாடுவேன். "ம்ஹூம்... அவ மாதிரி இல்ல." இப்படியே முப்பது வருசம். கைதட்டுறதெல்லாம் எனக்குத்தான். மாஸ்டர் மட்டும் திரும்பியே பாக்க மாட்டாரு.

மத்லேன்: பொய் சொல்றே.

பெரியநாயகி: சத்தியமா. முன் சீட்டுல நான் உக்காந்திருந்தா, டேப்புல நீங்க பாடிக்கிட்டு வருவீங்க. உங்களைக் கண்டாலே எனக்கு எரியும். மதாம் மதாம்னு தள்ளியே நின்னுக்கிட்டது மரியாதைக்குன்னா நெனைச்சீங்க?

மத்லேன்: எங்கிட்ட ஒரு வார்த்தை... நல்லாப் பாடுறேன்னு ஒரே ஒரு வார்த்தை...

பெரியநாயகி: சொன்னா நீங்க மேடைக்கு வந்துருவீங்கன்னு பயமோ என்னமோ.

மத்லேன்: அந்தக் கேசட்டெல்லாம் எங்க?

பெரியநாயகி: வேன் வித்தப்ப முக்காவாசி போயிடிச்சி. ஒண்ணு இருக்கு. எங்கிட்ட.

மத்லேன்: மூணு வருசமாவா?

பெரியநாயகி: மாஸ்டரோட நாப்பதாம் நாளு பூசைக்கே எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். பைக்குள்ளதான் இருந்துச்சு. குடுக்க மனசு வரல மதாம். கேட்டீங்கன்னா, எவ்வளவு நல்லாப் பாடியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் எனக்குன்னு என்னா மிச்சம்? நாளைக்கே கொண்டாந்து தர்றேன். பாட்டு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி.

மத்லேன்: நாயகி...

பெரியநாயகி: தம்பியைத் திட்டாதீங்க. சின்ன வயசு, ஆயிரம் வேலை. எம்பேரு அவனுக்கு ஞாபகம் வந்திருக்காது.

மத்லேன்: பேனர்ல மொத வரியிலயே ஒம்பேரைப் போட்டுத்தாண்டி கொண்டாந்து காட்டுனான். நாந்தான் எடுக்கச் சொன்னேன்.