கோட்டைச் சரிவில் கள்ளுப்பானை

எர்மீலா: யோவ் எவோடியோ, என்னய்யா இது? காசை எதுக்கு நீட்டுற?

எவோடியோ: கள்ளு குடிச்சேன்ல… அதுக்குத்தான்.

எர்மீலா: இந்தக் கோட்டையை மியூசியமாக்கி உன்னை வாசல்ல காவலுக்கு நிறுத்தின நாள்லேர்ந்து, என் பானையில முதல் குடுவை உனக்குத்தான். ஒரு பேசோ குடுத்திருப்பியா? அகாபுல்கோ பூராத் தேடினாலும் உன்னை மாதிரி ஓசிக் குடிகாரன் கிடைக்க மாட்டான்!

எவோடியோ: ஏன், ஒருநாள் யோக்கியனா இருக்கக் கூடாதா?

எர்மீலா: இருக்கலாம்… மூஞ்சி ஏன் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கு?

எவோடியோ: ஒண்ணுமில்ல. உள்ள புதுசா மணிலாக் கப்பல் கூடம் திறக்கறாங்கல்ல…

எர்மீலா: தெரியுமே. எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பிலிப்பைன்ஸ்லேர்ந்து வந்த கப்பலாச்சே. தென்னையில பானை கட்டுற வித்தையும் அவரோடதான் வந்து இறங்குச்சு. பேச்சை மாத்தாதே.

எவோடியோ: மாத்தல. பேச்சே அதான். திறப்பு விழாவுக்குத் தலைநகரத்துலேர்ந்து பெரிய மனுசங்க வர்றாங்க. அதனால இந்தச் சரிவுல…

எர்மீலா: சரிவுல?

எவோடியோ: வந்து…

எர்மீலா: சீக்கிரம் சொல்லித் தொலை. வெயில் ஏறினா கள்ளு புளிச்சிரும்.

எவோடியோ: திங்கக்கிழமையிலேர்ந்து இங்க கள்ளுப்பானை இருக்கக் கூடாதாம். இயக்குநரம்மா உத்தரவு. நான்தான் உன்கிட்ட சொல்லணுமாம்.

எர்மீலா: ஓகோ! விரட்ட வந்தவனுக்கு ஓசியில குடிக்கக் கூசுதாக்கும்?

எவோடியோ: குத்திக் காட்டாதே எர்மீலா. புயல்ல உன் வீட்டுக்கூரை போச்சு, மரம் பாதி போச்சு… இந்த இடமும் போச்சுன்னா என்ன பண்ணுவே?

எர்மீலா: அவ்வளவு அக்கறை இருந்தா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே.

எவோடியோ: நானெல்லாம் பேசி… கேட்டுட்டாலும்!

எர்மீலா: பேசினியா, பேசலியா?

எவோடியோ: பேசல.

எர்மீலா: என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.

எவோடியோ: பேசலைன்னா விடேன்!

எர்மீலா: புளுகாதே. "கப்பல்ல வந்த சீனத் தட்டைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் கும்பிடுறீங்க, அதே கப்பல்ல வந்த கள்ளை வெயில்ல நிறுத்துறீங்களே"ன்னு நீ தினமும் உசிரை வாங்கினதை அந்தம்மாவே சொன்னாங்க.

எவோடியோ: சொன்னாங்களா? எப்ப?

எர்மீலா: நேத்து. திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு உள்முற்றத்துலயே இடம், கப்பல் கூடத்து வாசல்ல. பானை இங்க கூடாதுன்னது அதுக்குத்தான்யா, மண்டூ!

எவோடியோ: அடிப்பாவி… தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்தே?

எர்மீலா: ஆமா. எனக்காக ஒருத்தன் தவிச்சுப் பார்த்து ரொம்ப வருசமாச்சு… இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்னு தோணுச்சு.