காதுக்குச் சாரம் கட்டிய கைகளுக்கு

உப்பைச் சலித்து உயிருக்கு வழி சமைத்தவரே! துளைகளுக்குள்ளே துளிர்ப்பைக் கண்டவரே! முப்பத்தோராண்டு எங்கள் முன்னே நடந்த மூத்தவரே! நாங்கள் உரிமையோடு 'உப்பக்கா' என்றழைக்கும் அன்புருவே, பணி ஓய்வு நாள் வணக்கம்!

பாலிமர்க் கரைசலில் உப்புக் குருணை கலந்து, காது அச்சில் வார்த்து, காய்ந்தபின் மூன்று நாள் நீர் மாற்றி மாற்றி உப்பையெல்லாம் வெளியேற்றி, உப்பிருந்த இடமெல்லாம் பொடித்துளையாய் நிற்கும், கட்டடச் சாரம்போல் உயிரணுக்களைத் தாங்கும் வெள்ளைச் சாரம் எடுப்பீர்கள். இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் நோயாளியின் உயிரணுக்கள் அத்துளைகளில் குடியேறிக் குருத்தெலும்பாகும். சாரம் கரைந்து மறையும். அதனோடு பேசுவதோ உங்கள் வழக்கம். "தண்ணி மாத்தியாச்சு கண்ணு, இன்னும் ரெண்டே தடவைதான்."

"அக்கா, அது வெறும் பிளாஸ்டிக். அதுக்குக் கேக்குமா?" என்று சீண்டுவார் எங்கள் மின்பணியாளர்.

"உனக்குக் கேட்டும்தான் ஃபேன் ஓடலையே. அதுக்குக் கேட்டா வளரும்" என்பீர்கள்.

முதல் காதைப் பெற்ற தையற்காரர் ஓராண்டு கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா உட்கார்ந்தா இந்தப் பக்கம் மட்டும் ஒரு அம்மா பேசுறாங்க. தண்ணி மாத்தியாச்சாம், இன்னும் ரெண்டு தடவையாம். யாருங்க அது?" சிரித்தவர் அவர் ஒருவரே.

அன்று மூடிய வாய்! ஈராண்டாய்ச் சாரத்தின் அருகே ஒரு சொல் உதிர்க்கவில்லை நீங்கள். அளவு மாறவில்லை, அச்சு மாறவில்லை. ஆயினும் அடுத்த நான்கு காதுகளிலும் ஓர் உயிரணுகூடத் தங்கவில்லை. அவற்றுக்கு அடுத்தது, தீயில் காதிழந்த சிறுமிக்கானது. "இதுவும் போனா, அந்தக் குழந்தைகிட்ட எடுக்க இனிமே குருத்தெலும்பு இல்லம்மா" என்றார் அறுவை மருத்துவர். பேசினால் உங்கள் குரல் ஆயுளுக்கும் அவளோடு ஒட்டும். பேசாவிட்டால் அவளுக்குக் காதே இல்லை!

அவள் தாயை அழைத்துவந்து, பெட்டியின் முன் நாற்காலி போட்டுவிட்டு, அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினீர்கள்.

"என்ன பேசட்டும்க்கா?"

"வீட்ல அவகிட்ட என்ன பேசுவியோ அதை. திட்டுறதை மட்டும் வெளியில வெச்சுட்டு வா."

ஆறு வாரம் பேசினார் அந்தத் தாய். காது வளர்ந்தது, பொருத்தவும் பட்டது. நீங்களோ பணி ஓய்வுத் தாளில் கையெழுத்திடாமல் ஒரு மாதம் இழுத்தடித்தீர்கள்.

நேற்றுக் கட்டவிழ்த்தார்கள். தாய் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சிறுமி தலை சாய்த்து, "அம்மா கூப்பிடுறாங்க" என்றாள். வாசலில் நின்ற நீங்கள் அப்போதும் வாய் திறவாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செவிலியரிடம் நீட்டினீர்கள், அவர் வாசித்தார்: "வேற யாராச்சும் பேசுறாங்களா, கண்ணு?"

"இல்லையே. அம்மா மட்டும்தான்."

அங்கேயே, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்திட்டீர்கள்.

அக்கா! அடக்கிய சொற்களையெல்லாம் அண்டை அயலாரோடு வாய் நிறையப் பேசி, நோயின்றி நொடியின்றி நூறாண்டு வாழ்க!

இளஞ்சூட்டு அறைக் கதவை இறுகச் சாத்திவிட்டு இதை வாசிக்கும்,
உங்கள் ஆய்வகப் பணியாளர்கள்